மாரி முடிந்து வளவு காடாகக் கிடக்கிறது, மாசிக்குள் எதை முதலில் செய்வது?

உரும்பிராய்_வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உரும்பிராயில் அம்மாவின் வளவு. வீடும் முற்றமும் கிணற்றடியும் போக, தோட்டம் செய்யக்கூடிய நிலம் இரண்டு பரப்புக்குக் கொஞ்சம் கூட இருக்கும். செம்பாட்டு மண். ஐப்பசியில் தொடங்கிய மழை தைப்பொங்கலோடு ஓய்ந்துவிட்டது, இப்போது இடுப்பளவுக்குப் புல் நிற்கிறது. கோரை, நாயுருவி, அங்கங்கே பார்த்தீனியமும் தலைகாட்டுகிறது. பின்பக்கம் ஒரு பலா, இரண்டு மா (ஒன்று கறுத்தக்கொழும்பான், மற்றது அம்பலவி), ஒரு தேசி (எலுமிச்சை), ஒரு முருங்கை, வேலியோரம் சீமைக்கிளுவையும் பூவரசும். மா இரண்டும் பூத்து நிற்கின்றன. தேசிதான் ஒரு மாதிரி, புது இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, வசந்தகாலத்தில் அங்கே அவர் செய்கிற வேலைகளை எழுதி அனுப்பினார். காய்ந்த கிளைகளை வெட்டு, பழைய சருகை அள்ளி எறி, மண்ணுக்குச் சுண்ணாம்பு போடு, பசளை போடு, பிறகு நாற்று நடு என்று. அம்மா என்னவென்றால், முதலில் வளவைக் கூட்டிக் குப்பையைக் கொளுத்து, மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்கிறா. பங்குனிக்குள் கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை, பாகல் எல்லாம் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், சனி ஞாயிறுதான் நேரம். எதில் தொடங்குவது, எதை இப்போது தொடவே கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பாய்_செம்பாடு எழுதியது:

தங்கச்சி, குப்பையைக் கொளுத்துவதை மட்டும் நிறுத்துங்கள். அம்மாவோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. எங்கள் ஊரிலும் தை பிறந்தால் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வீடு புகைதான். ஆனால் இனி வரப்போகிற வெயிலுக்கு உங்கள் மண்ணிடம் இருக்கிற ஒரே போர்வை அந்தச் சருகு.

அண்ணாவின் பட்டியல் அவருடைய ஊருக்குச் சரி. அங்கே பனி உருகி மண் இளகுகிற நேரம் வசந்தம், பிறகு கோடையிலும் இடைக்கிடை மழை கிடைக்கும். எங்களுக்கு மாசி அப்படியில்லை. யாழ்ப்பாணத்தில் வருசத்துக்கு 1,200 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்தாலும் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் சிறுமாரி கொஞ்சம் நனைக்கும், அப்புறம் காண்டாவன வெயில், அப்புறம் தென்மேற்குச் சோளகக் காற்று, புரட்டாதி வரைக்கும் வானத்தை நம்பித் தோட்டம் செய்ய முடியாது. வருசம் முழுக்க ஓடுகிற ஆறும் எங்களிடம் இல்லை, வழுக்கையாறுகூட மாரியில் மட்டும்தான். ஆகவே இப்போது மண்ணுக்குள் இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் மாசி மாதத்தின் முதல் வேலை. நடுகை அதற்குப் பிறகு.

நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கே பலாவின் கீழே போய்ச் சருகை ஒரு கையால் ஒதுக்கிப் பாருங்கள். மேலே இருக்கிற இலை மொரமொரவென்று காய்ந்திருக்கும், அதற்குக் கீழே இருக்கிறது ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அடியில் மண் கறுத்துக் குளிர்ந்து, மண்புழு தள்ளிய சின்னச் சின்ன உருண்டைகளோடு கிடக்கும். பிறகு அம்மா தினமும் கூட்டுகிற பக்கத்தில் விரலால் கிண்டிப் பாருங்கள், நகம் இறங்காது. இரண்டும் ஒரே வளவு, ஒரே மழை.

புல்லுக்கு வருகிறேன். பார்த்தீனியத்தை இந்தச் சனிக்கிழமையே பிடுங்குங்கள், வெள்ளைப் பூ வருவதற்கு முன்னால். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். கையுறை போடாமல் தொட வேண்டாம், தோல் கடியும் மூச்சு இழுப்பும் சிலருக்குப் பொல்லாததாக வரும். பூக்காததைக் கூட்டெருவுக்குப் போடலாம். பூத்துவிட்டால் பூக்களை முதலில் பைக்குள் கழற்றிக் கட்டி விதை உதிராமல் அப்புறப்படுத்திய பிறகே செடியில் கை வையுங்கள். கோரையை உழவாரத்தால் செருக்கினால் தலை மட்டும்தான் போகும், ஒரு கிழமையில் திரும்ப நிற்கும், ஏனென்றால் சீவன் கீழே கிழங்கில் இருக்கிறது. மண் ஈரமாக இருக்கிற இந்த நாட்களில்தான் முள்ளுக்கத்தியாலோ மண்வெட்டியாலோ கிளறிக் கிழங்கோடு இழுக்க முடியும். பங்குனியில் செம்பாடு இறுகிப்போனால் முயற்சி செய்தும் பயன் இல்லை. மற்றப் புல்லெல்லாம் விதை முற்றாமல் இருந்தால் செருக்கி அந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்தது குழை. வேலியில் சீமைக்கிளுவையும் பூவரசும் வைத்துக்கொண்டு பசளைக்குக் காசு தேட வேண்டியதில்லை. காய்ந்த சீமைக்கிளுவை இலையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் நைதரசன் இருக்கிறது. வேலியை இப்போது நன்றாக வெட்டி, கத்தரி மிளகாய் வைக்கப்போகிற பாத்தியில் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் கிண்டி, குழையை நிரப்பி மிதித்து மண்ணை மூடுங்கள். இரண்டு மூன்று கிழமை போகட்டும், உள்ளே சூடு அடங்கிய பிறகு நடலாம். புகையிலைத் தோட்டத்துக்கு எங்கள் அப்பு காலத்தில் இப்படித்தான் குழை தாழ்த்தார்கள். பழைய பனையோலை கிடைத்தால் மரங்களைச் சுற்றித் தாழ்த்துவிடுங்கள், அது உக்க வருசக்கணக்கில் எடுக்கும், அவ்வளவு காலமும் ஈரம் பிடிக்கும்.

தேசிக்குச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம்! நாங்கள் நிற்பதே சுண்ணக்கல்லுக்கு மேல். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே தண்ணீரைத்தான் மரத்துக்கும் விடுகிறோம். மண்ணில் இரும்பு இருந்தாலும் இந்தக் காரத்தன்மையில் வேரால் அதை எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்பது அதனால்தான். இரும்புச் சல்பேற்றை லீற்றருக்கு 5 கிராம் கணக்கில் கரைத்துப் பின்னேரத்தில் இலை நனையத் தெளியுங்கள், இரண்டு கிழமை விட்டு இன்னொரு முறை. அடியில் கூட்டெரு நிறையப் போடுங்கள். அடுப்புச் சாம்பலை அந்த மரத்துக்குக் கொட்ட வேண்டாம், அதுவும் காரம்தான்.

கோண்டாவில்_தம்பி எழுதியது:

கோப்பாய் அண்ணை சொல்வது தோட்டத்துக்குச் சரி. ஆனால் வயது போனவர்கள் சும்மா வளவைக் கூட்டிக் கொளுத்தவில்லை. சுருட்டை என்று ஒரு விசப்பாம்பு இருக்கிறது. ஒரு முழம் நீளம்கூட இராது, சருகின் நிறத்திலேயே இருக்கும், இரவில் கால் வைத்தால்தான் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குக் கடித்து யாழ். போதனா வைத்தியசாலையில் நாள்கணக்கில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். வளவு முழுக்கச் சருகைப் பரப்பி வை என்று எழுதினால், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் என்ன செய்வது?

இன்னொன்று, மழை ஓய்ந்ததும் செய்ய வேண்டிய வேலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. சிரட்டை, உடைந்த பூச்சாடி, டயர், பொலித்தீன் மடிப்பு, வாழை மரத்தடி என்று தண்ணீர் தேங்கி நிற்கிற எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். எங்களுக்கு டெங்கு கூடுவது மாரியோடுதான். சேற்றில் இறங்கும்போது பூட்ஸ் போடுங்கள், 2024 மார்கழியில் எலிக்காய்ச்சலில் இங்கே உயிர்கள் போனதை மறக்க முடியாது. காலில் புண் இருந்தால் அந்த வேலையை வேறு ஆளிடம் விடுவதுதான் நல்லது.

கோப்பாய்_செம்பாடு எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, பாம்பு விசயத்தில் நான் வாதாட மாட்டேன். நான் சொன்னது கூட்ட வேண்டாம் என்பதல்ல, கூட்டியதைக் கொளுத்த வேண்டாம் என்பது. முற்றம், கிணற்றடி, மலசலகூடத்துக்குப் போகிற பாதை, பிள்ளைகள் விளையாடுகிற இடம், இவ்வளவையும் அம்மா விரும்புகிற மாதிரிப் பளிச்சென்று கூட்டி வையுங்கள். கூட்டிய சருகைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு போய் மர அடியிலும் பாத்தியிலும் போடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி. பாத்திக்கு நாலு விரல் மொத்தம் போதும், மரத்தடியில் ஒரு சாண். தண்டோடு முட்ட விடாமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை அழுகும், கறையானும் ஏறும்.

பாம்பு ஒதுங்குவது குவியலில்தான். கல், ஓடு, விறகு, பழைய தகரம், இவை மாசக்கணக்கில் அசையாமல் கிடக்கிற இடம் எதுவோ அதைத்தான் முதலில் ஒழுங்கு பண்ண வேண்டும். சருகில் கை வைப்பதற்கு முன்னால் நீளத் தடியால் ஒருமுறை கிளறிவிடுங்கள், இருட்டினால் டோர்ச் இல்லாமல் பின்வளவுக்குப் போக வேண்டாம்.

மிஞ்சிய குப்பைக்கு ஒரு மூலையில் கூட்டெருக் குவியல். அகலமும் உயரமும் மூன்று அடியாவது இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். காய்ந்த சருகு ஒரு படை, பச்சைக் குழையும் குசினிக் கழிவும் ஒரு படை, இடையில் கொஞ்சம் மாட்டெரு. நடுவில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக்கூடாது. குவியலையும் கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் அதில் எதுவும் குடியிருக்காது.

மட்டுவில்_முட்டிக்கத்தரி எழுதியது:

நாங்கள் தென்மராட்சிப் பக்கம், உங்களுடைய மண் வேறு, ஆனாலும் கத்தரியில் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்தேன்.

தங்கச்சி, புல்லெல்லாம் எடுத்து முடித்த பிறகு விதை போடலாம் என்று இருந்துவிடாதேங்கோ. கத்தரி நாற்று நடுகிற பருவத்துக்கு வர நாலைந்து கிழமை எடுக்கும், மிளகாய்க்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். பங்குனிக் கடைசியில் நட வேண்டும் என்றால் நாற்றுமேடை இந்தக் கிழமையே ஆயத்தமாக வேண்டும். ஒரு சாண் உயரத்துக்கு மேடை கட்டி, மேல்மண்ணும் நன்றாக உக்கிய எருவும் சரிபாதியாகக் கலந்து, நனைத்து, மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிடுங்கள். (இதை மட்டும் கோப்பாய் அண்ணை மன்னிப்பார், இது இரண்டு சுளகு அளவு இடத்துக்குத்தான், மண்ணில் இருக்கிற பூஞ்சணமும் புல் விதையும் சாகும்.) எரிக்க மனமில்லை என்றால் ஒளி ஊடுருவுகிற பொலித்தீனால் இறுக்கி மூடி வெயிலில் விடலாம், ஆனால் அதற்குக் கிழமைகள் வேண்டும், இந்த முறை உங்களுக்கு நேரம் போதாது. வரிசையாக ஆழமில்லாமல் விதையைத் தூவி, மெல்லிசாக மண் தூவி, வைக்கோலால் மூடுங்கள். முளை கண்டதும் அன்றைக்கே வைக்கோலை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் நாற்று வெளிறி நெடுத்துவிடும். உச்சி வெயிலுக்கு மேலே கிடுகு. தண்ணீரைக் காலையில் மட்டும் பூவாளியால் தெளியுங்கள், பின்னேரத்தில் ஊற்றி இரவு முழுக்க ஈரமாக விட்டால் நாற்று அடியில் கருகி விழும்.

வெண்டி, பயிற்றை, பாகல் மூன்றுக்கும் நாற்றுமேடை வேண்டாம், நேரே நடுங்கள். பாகல் விதையை ஓர் இரவு ஊறவிட்டால் சுறுக்காக முளைக்கும். பந்தலை விதை போடுவதற்கு முன்னால் கட்டிவிடுங்கள், கொடி வந்த பிறகு குழி தோண்டினால் வேர் அறும். பந்தலில் பிஞ்சு விழுந்ததும் கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். பழ ஈ குத்திய காய் ஒன்றிரண்டு கட்டாயம் வரும், அதைக் கூட்டெருவில் போட வேண்டாம், உள்ளே இருக்கிற புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகித் திரும்ப ஈயாக வரும். இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கறுத்தப் பொலித்தீனில் கட்டி வெயிலில் போடுங்கள்.

மிளகாயில் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருளுகிறது என்று முதலில் பாருங்கள். மேல்நோக்கி ஓடம் மாதிரி மடிந்தால் பனிப்பூச்சி, கீழ்நோக்கி மடிந்து இலை நீண்டால் சிற்றுண்ணி. கடையில் போய்ச் சும்மா சுருட்டு என்று சொன்னால் ஏதாவது ஒரு போத்தலைத் தந்து அனுப்புவார்கள், இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை. தொடக்கத்திலேயே வேப்பங்கொட்டை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் கணக்கில் ஓர் இரவு ஊறவைத்து வடித்துத் தெளித்து வந்தால் பெரும்பாலும் கட்டுப்படும்.

மா பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. பூத்து நிற்கிற மரத்தில் இப்போது கத்தி வைக்கவே கூடாது. எருவும் போட வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், பூக்கிற நேரம் தண்ணீர் விட்டால் மரம் தளிர் தள்ளத் தொடங்கிவிடும். பிஞ்சு பிடித்துச் சின்னத் தேசிக்காய் அளவு வந்த பிறகு கிழமைக்கு ஒருமுறை நன்றாக விடுங்கள். மாசிப்பனி மூசிப் பெய்யும் என்பார்கள், அந்தப் பனிதான் பூவுக்கு எதிரி. பூங்கொத்தில் வெள்ளையாகத் தூள் படிந்தால் நனையும் கந்தகத்தை அதிகாலையில் தெளிக்கலாம். பின்னேரம் மரத்தின் கீழே போய் ஒரு கிளையை அசைத்துப் பாருங்கள், இலையில் மழைத்துளி விழுவது போலப் படபடவென்று சத்தம் கேட்டால் தத்துப்பூச்சி வந்துவிட்டது, இலையில் பிசுபிசுப்பும் இருக்கும், பிறகு கரும்பூஞ்சணம் பிடிக்கும். அதற்காகப் பூ விரிந்து நிற்கும்போது பூச்சிமருந்து அடிக்காதேங்கோ, மகரந்தம் சேர்க்கிற ஈயும் தேனீயும் செத்தால் பூ இருந்தும் காய் இராது. எங்கள் வீட்டில் மரத்துக்குக் கீழே பின்னேரத்தில் பச்சைக் குழை போட்டுப் புகை மூட்டுவோம், அதோடு சரி. கவாத்து எல்லாம் பழம் முடிந்து ஆடி ஆவணியில்.

முருங்கையும் அப்படித்தான், காய் ஓய்ந்த பிறகு வெட்டுங்கள். இப்போது பார்க்க வேண்டியது மயிர்க்கொட்டி. பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு இருக்கும், அந்த நேரத்தில் பந்தத்தால் வாட்டினால் ஒரே தரத்தில் முடியும்.

வேலணைக்_கிணறு எழுதியது:

உரும்பிராய்க்காரர்களுக்குக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன், இருக்கிறபோதே கவனமாக இருங்கள். குடாநாட்டில் நிலத்தடி நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி மேலே வரும் என்பது நீரியல்காரர்களின் கணக்கு. தீவுப்பகுதியில் அதை நாங்கள் வாயால் ருசித்துப் பார்க்கிறோம். மாசியில் கிணறு நிரம்பி நிற்கிறதே என்று மோட்டரைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறவர்கள்தான் ஆவணியில் அழுகிறார்கள்.

நீண்ட நேரம் ஒரே மூச்சில் இறைக்காமல் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சமாக இறையுங்கள். பாத்தி முழுக்கத் தண்ணீர் கட்டுவதைவிடச் செடியின் அடிக்கு மட்டும் விடுவது நல்லது, சொட்டுநீர்க் குழாய் போட வசதி இருந்தால் இன்னும் நல்லது. கோப்பாய் அண்ணை சொன்ன சருகு மூடாக்கு எங்கள் பக்கத்தில் ஈரத்துக்காக மட்டுமில்லை. மாரி மழை உப்பைக் கீழே கழுவிவிடும், வெறும் மண்ணை வெயில் சுடத் தொடங்கியதும் கீழே இருக்கிற தண்ணீர் மேலே இழுபட்டு ஆவியாகி உப்பை மட்டும் மேலே விட்டுவிட்டுப் போகும். பங்குனியில் பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். மூடி வைத்த பாத்தியில் அது குறைவு.

தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பாக இருக்கிறவர்கள் பீற்றூட்டை நம்பிப் போடலாம், தாங்கும். வெங்காயம், கரட், போஞ்சி மூன்றும் உப்புக்குத் தாங்காது. தென்னைக்கு, அடியிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளிச் சுற்றிவரப் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போடுங்கள், கோடையில் மட்டை காவோலையாகித் தொங்குவது குறையும். இப்போது வயலில் அறுவடை முடிகிற நேரம், வைக்கோல் மலிவாகக் கிடைக்கும், இன்னும் ஒரு மாதம் போனால் மாட்டுக்காரர்கள் வாங்கி முடித்துவிடுவார்கள்.

ஸ்காபரோ_முருங்கை எழுதியது:

தங்கச்சியின் அண்ணாவுக்காக நான் கொஞ்சம் பேசுகிறேன். இங்கே இன்னும் முற்றத்தில் பனி கிடக்கிறது. மார்ச்சில் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் கத்தரியும் மிளகாயும் முளைக்க வைத்து, மே மாதம் மூன்றாம் நாலாம் கிழமையில் குளிர் விட்டது என்று தெரிந்த பிறகுதான் வெளியே நடுவோம். செப்டெம்பர் முடிய முருங்கைச் சாடியைத் திரும்ப வீட்டுக்குள் தூக்க வேண்டும். அந்த நாலு மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்கிற அவசரம் அவருடைய பட்டியலில் இருக்கிறது, உங்களுக்கு அது தேவையில்லை.

ஆனால் சுண்ணாம்பை இங்கேயும் மண்ணைப் பரிசோதித்த பிறகுதான் போட வேண்டும், ரொறன்ரோப் பக்கம் பல இடங்களில் மண் ஏற்கெனவே காரத்தன்மைதான். சருகைக்கூட இப்போது பலர் உடனே அள்ளுவதில்லை, குளிருக்கு அதற்குள் ஒதுங்கிய தேனீக்களும் பூச்சிகளும் வெளியே வரட்டும் என்று வெயில் நன்றாக ஏறும்வரை விட்டு வைக்கிறார்கள்.

அண்ணா கோடை விடுமுறைக்கு வரும்போது விதைப் பைக்கற்றுகளோ செடியோ கொண்டுவர நினைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஊரில் இல்லாத ஒரு நோய் ஒரு சின்னப் பைக்கற்றில் வந்து இறங்கினால் பிறகு அதை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

உரும்பிராய்_வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் கோப்பாய் அண்ணையின் பதிலையும் கோண்டாவில் தம்பியின் பதிலையும் வாசித்துக் காட்டினேன். முற்றத்தைக் கூட்ட விடுவோம், கொளுத்துவதில்லை என்று சம்மதித்திருக்கிறா. சுருட்டை பற்றிய பயம் அவவுக்கும் இருக்கிறது, பழைய ஓட்டுக் குவியலை முதலில் எடுக்கச் சொல்கிறா.

இரண்டு சந்தேகம். குழை தாழ்த்த பாத்திக்கு யூரியாவும் போட வேண்டுமா? பக்கத்து வளவு ஐயா, நடுகிற அன்றைக்கே அள்ளிப் போட்டால்தான் செடி கிளம்பும் என்கிறார். மற்றது, கிணற்றடிப் பந்தலில் பழைய முந்திரிகை (திராட்சை) கொடி ஒன்று இருக்கிறது, இஸ்ரேல் புளூ என்று அப்பா வைத்தது, இலையெல்லாம் பழுத்து நிற்கிறது. அதையும் வெட்டாமல் விட வேண்டுமா?

கோப்பாய்_செம்பாடு எழுதியது:

முந்திரிகை மட்டும் விதிவிலக்கு, அதை இப்போது வெட்டத்தான் வேண்டும். வெட்டினால்தான் புதுத் துளிரில் பூ வரும், வெட்டி நாலு மாதம் அளவில் குலை பழுக்கும், மாசியில் வெட்டினால் ஆனி வெயிலில் பழம். மழைக்குள் மாட்டினால் பழம் வெடித்து அழுகும். பென்சில் மொத்தத்தில் நன்றாக முற்றிய கொடிகளை வைத்துக்கொண்டு மெல்லிசானதையும் காய்ந்ததையும் அடியோடு எடுங்கள், வெட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே தண்ணீரைக் குறையுங்கள், வெட்டிய பிறகு எருவும் தண்ணீரும் தாராளமாக.

யூரியா பற்றி ஐயாவிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். குழை தாழ்த்த பாத்திக்கு நடுகிற அன்று அது தேவையில்லை. நட்டு இரண்டு மூன்று கிழமையில் செடி வெளிறினால் ஒரு செடிக்கு ஒரு சிட்டிகை, தண்டிலிருந்து தள்ளி, உடனே அளவாகத் தண்ணீர். அதற்கு மேல் போடுகிறது செடிக்குப் போவதில்லை. செம்பாட்டில் தண்ணீர் நிற்காது, அதற்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல், கரைந்த பசளை நேரே நிலத்தடித் தண்ணீருக்குள்தான் போய்ச் சேரும். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்தால் இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோகும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. தோட்டக் கிணறும் குடிக்கிற கிணறும் உங்களுக்கு ஒன்றுதானே. ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், கிணறு நிரம்பி இருக்கிறபோது ஒருமுறை, ஆவணி புரட்டாதியில் மட்டம் இறங்கியபோது ஒருமுறை.

உரும்பிராய்_வளவு எழுதியது:

தண்ணீரைக் கட்டாயம் பார்க்கிறோம், அக்காவின் கைக்குழந்தை இந்த வீட்டில்தான் இருக்கிறது. அப்போ சனிக்கிழமை பார்த்தீனியமும் ஓட்டுக் குவியலும், ஞாயிற்றுக்கிழமை நாற்றுமேடையும் கொடியும், அதற்கடுத்த கிழமை வேலி வெட்டிக் குழை தாழ்க்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். மட்டுவில் அக்கா, உங்களுடைய முட்டிக்கத்தரி விதை கொஞ்சம் கிடைக்குமா? சந்தையில் எல்லாம் கலப்பினம்தான் இருக்கிறது.

மட்டுவில்_முட்டிக்கத்தரி எழுதியது:

விதை தருகிறேன், ஆனால் இந்த முறை விதையைவிட நாற்றாகக் கொண்டு போனால் உங்களுக்கு ஒரு மாதம் மிச்சம். என்னுடைய மேடையில் தையில் போட்டது நிறைய நிற்கிறது, உங்கள் குழை உக்கி முடிய நாற்றும் சரியான பருவத்துக்கு வரும். வருகிற அன்று பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், வெயிலில் பிடுங்கினால் வாடிவிடும். பிடுங்குவதற்கு முன்னால் மேடையை நன்றாக நனைத்து, வேரில் மண் உதிராமல் எடுத்து, ஈர வாழைத்தடலில் சுற்றித் தருவேன், பொலித்தீன் பையில் போட்டு மோட்டார்சைக்கிளில் கொழுவிக்கொண்டு போகிற வேலை வேண்டாம். வீட்டுக்குப் போனதும் அன்றைக்கே நட்டுவிட வேண்டும், குழியை முதல்நாளே கிண்டித் தண்ணீர் விட்டு வையுங்கள். செடிக்குச் செடி இரண்டு அடி, வரிசைக்கு வரிசை மூன்று அடி. நட்ட பிறகு மூன்று நாலு நாளைக்குப் பூவரசங்கொப்பு ஒன்றை மேற்குப் பக்கமாகக் குத்தி நிழல் கொடுங்கள்.

விதைக்கு, முதல் காய்களில் நல்லதாக ஒன்றிரண்டைப் பறிக்காமல் மரத்திலேயே மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். எப்படிக் கழுவி, சாம்பல் பிரட்டிக் காயவைப்பது என்று அப்போது சொல்கிறேன்.